கத்திகளைப் பூட்டி வைத்த அலுமாரி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை ஒருவரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். கடைசி மகனுக்கு மட்டும் மனநோய். கிழமைக்கு இரண்டு நாள் ஒரு தாதி வீட்டுக்கு வந்து அவனைப் பார்ப்பாள். அந்த உதவி இனியும் தேவையா என்று விசாரிக்க நகரசபையிலிருந்து ஒரு பெண் வருவதாகக் கடிதம் வந்தது.

விருந்தாளி வருவதுபோல் வீட்டைத் துடைத்தேன். மகனுக்கு அயன் பண்ணிய சேட் போட்டுவிட்டேன். வடையும் சுட்டேன். மொழிபெயர்க்கக் கூட வந்தவள் எங்கள் தமிழ் ஆள், லா சப்பல் தெருத் தமிழ்க் கடைகளில் கண்ட முகம். கதை வெளியே போய்விடும் என்று பயந்தேன்.

"மகன் மருந்து ஒழுங்காப் போடுறாரோ அம்மா?" என்று மொழிபெயர்ப்பவள் கேட்டாள்.

"ஓம், ஓம். ஒரு குறையுமில்லை. வடையைச் சாப்பிடுங்கோ."

நகரசபைப் பெண் தலையாட்டி எழுதினாள்.

"அப்ப தாதி இனித் தேவையில்லையெண்டு எழுதுறா," என்றாள் மொழிபெயர்ப்பவள். நான் வடைத் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினேன்.

மகன் எழுந்தான். "ரெண்டு கிழமையா நான் மருந்து போடேல்லை, தாதிக்கும் சொல்லேல்லை. அம்மா கத்தியளை அலுமாரிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறா. எனக்கு என்னை நினைக்கவே பயமாக் கிடக்கு."

மொழிபெயர்ப்பவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, இதைச் சொல்லட்டோ?"

வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பாள். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இடுப்பில் செருகியிருந்த அலுமாரிப் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

"சொல்லு பிள்ளை. ஒண்டும் விடாமல் சொல்லு."

தாதி இப்போது தினமும் வருகிறாள். என் பெருமைக்காக அவனைப் பலி கொடுக்கப் பார்த்தேன் என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

பேத்தி, நான் எழுதிய இதை ஒருக்கா வாசித்துக் காட்டு. உன் சித்தப்பாவான அவனுக்கும் கேட்கும்படி உரத்து வாசி.