டெல்மரின் வண்டி டிரெய்லர் ஏறாது

"பச்சைங்க."

மனைவி வனீட்டா சொன்னதும் டெல்மர் ப்ரூவிட் கிளட்சிலிருந்து காலை எடுக்கிறார். ஆயில்டேல் ஊர்ச் சிக்னல்களில் எந்த விளக்கு எரிகிறது என்று அவர் தம் கண்ணால் பார்த்துப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. வண்டியின் கூரையை அறுத்து நாலரை அங்குலம் இறக்கி வைத்தவர் அவரேதான். அதில் முன்கண்ணாடி தபால்பெட்டியின் வாய் போல ஆகிவிட்டது. அதன் வழியே சாலை தெரியும், முன்னால் போகிறவனின் பம்பர் தெரியும், தலைக்கு மேலே தொங்கும் விளக்கு மட்டும் தெரியாது. ஆகவே வனீட்டா தம் பக்கத்து ஜன்னல் வழியே தலையை நீட்டி, அண்ணாந்து பார்த்துச் சொல்கிறார். கோபமாக இருக்கிற நாட்களில், பச்சை விழுந்து நன்றாக இரண்டு மூச்சு விட்ட பிறகுதான் சொல்வார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

"மூணு அங்குலம் போதும்னு அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்பது வனீட்டாவின் கட்சி.

"மூணு அங்குலம் அறுத்தா அதுக்குப் பேர் டாக்ஸி" என்பது டெல்மரின் கட்சி.

வண்டி முப்பத்திநாலாம் வருடத்து ஃபோர்டு. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். வாஸ்கோ பக்கம் ஒரு பருத்திக்காட்டு ஓரத்தில் டெல்மர் அதைக் கண்டெடுத்தபோது, சீட் இருந்த இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக் கொண்டிருந்தது. கோழியை எழுப்ப மனமில்லாமல் குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து எடுத்துவந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். பழைய காரை வாங்கி, வேண்டாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, அது தாங்காத எஞ்சினை உள்ளே வைப்பதுதான் ஹாட் ராட். இதில் எது வேண்டாதது என்பதில்தான் டெல்மருக்கும் உலகத்துக்கும் தகராறு. மட்கார்டு வேண்டாம் என்றார். எஞ்சின் மூடி வேண்டாம் என்றார். மிச்சமிருந்ததில் எடை குறையட்டும் என்று ஓட்டை போட ஆரம்பித்தார். பிரேக் மிதியில் ஒன்பது ஓட்டை, கதவுக் கைப்பிடியில் நாலு. டிரில்லைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்குக் கண்மண் தெரியாது. பீன்ஸ் கிளறும் பெரிய கரண்டியின் காம்பில் வரிசையாக ஆறு ஓட்டைகள் இருப்பதை ஒரு நாள் வனீட்டா பார்த்தார். அன்று டெல்மருக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமானது.

வண்டிக்குப் பெயிண்ட் கிடையாது. பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற சாம்பல்நிறப் பூச்சோடு பதினெட்டு வருடமாக ஓடுகிறது. எப்போது பெயிண்ட் என்று கேட்பவர்களுக்கு டெல்மர் வைத்திருக்கும் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"பெயிண்ட் அடிச்சா வண்டி முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அது முடிஞ்சா ஞாயித்துக்கிழமை நான் என்ன செய்யறது, புல்லு வெட்டறதா?"

வனீட்டாவைப் பாவம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருடைய தையல் மிஷினும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறது. கோடு போட்ட மெக்சிகோ போர்வையை வெட்டி வண்டிக்குச் சீட் உறை தைத்தவர் அவர். இரண்டு பக்கக் கோடும் நடுவில் ஒரே நேராகச் சேரவில்லை என்று மூன்று முறை பிரித்துத் தைத்தார். பரவாயில்லை, உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று டெல்மர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். "உங்க பிரேக்ல இருக்கிற ஓட்டை மட்டும் யாருக்குங்க தெரியுது?" என்று கேட்டார் வனீட்டா. 

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் சோளரொட்டியும் பீன்ஸும் ஷெட்டுக்கே வந்துவிடும். மகள் ட்ரீனாவும் வருவாள். அவளுக்கு வயது முப்பத்திமூன்று. கேரட் கழுவி மூட்டை கட்டும் ஆலையில் மிஷின்களைப் பழுதுபார்க்கிறாள். அப்பாவைப் போல அதிகப் பேச்சும் கிடையாது, அம்மாவைப் போலக் குத்தலும் கிடையாது. சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்வாள். போன வருடம் பழைய எஞ்சின் தேய்ந்துபோனபோது அப்படித்தான் சொன்னாள்.

"இந்த எஞ்சினை நான் ஒருத்தியே கட்டறேன்ப்பா. நீ கை வைக்கக் கூடாது."

நாற்பது வருடம் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற மனிதரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? பதினாலு மாதம் அவர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ட்ரீனா ஒவ்வொரு வால்வையும் தேய்த்துச் சரிபார்த்தாள். எஞ்சினின் முகப்பு முழுவதையும் கையாலேயே தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினாள். ஏப்ரலில் முதல்முறை அது உறுமிக்கொண்டு கிளம்பியபோது டெல்மர் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. அழுதார் என்கிறார் வனீட்டா. பாதாம் பூத்தூள் கண்ணில் விழுந்தது என்கிறார் டெல்மர். அந்த வருடம் பாதாம் பூத்துக் கொட்டி முடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

டெல்மருக்குச் சமயம் இரண்டு. ஒன்று சர்ச். இன்னொன்று, ஹாட் ராட் சொந்தச் சக்கரத்தில்தான் போக வேண்டும் என்பது. எவ்வளவு தூரமானாலும், என்ன வெயிலானாலும் ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும். டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, துணியால் துடைத்து நிறுத்துகிறவர்களை அவர் வண்டிக்காரர்கள் என்றே ஒப்புக்கொள்வதில்லை. பதினெட்டு வருடத்தில் அவர் வண்டி ஒரு தடவைகூட டிரெய்லர் ஏறியதில்லை என்பதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாத்தாவிடம் சொன்னார். பல் பிடுங்கும்போது டாக்டரிடம் சொல்ல முயன்றார்.

வனீட்டாவின் தம்பி ராய்ஸ் வாய்த்தது இப்படிப்பட்டவருக்கு. ராய்ஸிடமும் ஒரு ஹாட் ராட் உண்டு. ஆப்பிள் சிவப்பு, உள்ளே ஏசி, டம்ளர் வைக்க இரண்டு இடம். யாரோ கட்டி முடித்ததை வாங்கியது. அது வீட்டிலிருந்து எங்கே போவதானாலும் டிரெய்லரில்தான் போகும்.

"செக் கிழிச்சுக் கட்டின வண்டி" என்பார் டெல்மர். "அதுல எதுக்கு மாப்ள மைல் மீட்டரு? டிரெய்லர் டயர்ல மாட்டு, கணக்கு சரியா வரும்."

"என் வண்டிக்குப் பெயிண்ட்டாவது இருக்கு அத்தான்" என்பார் ராய்ஸ். இருவரும் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்பார்கள்.

ஒவ்வொரு மே மாதமும் பாஸோ ரோப்லஸ் ஊர்ப் பூங்காவில் வண்டிக் கண்காட்சி நடக்கும். நூற்றுப்பத்து மைல் தூரம். இந்த வருடம் புதன்கிழமை, எல்லாம் தயாராக இருந்த நேரத்தில், டெல்மர் வண்டியின் பக்கவாட்டில் நின்று மகள் கட்டிய எஞ்சினைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த ஃபேன், அவள் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய முகப்பைப் பாதி மறைத்தது. அவருக்குக் கை பரபரவென்றது. நான்கு போல்ட்தான். கழற்றி, துடைத்து, ஷெட் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது ட்ரீனா பார்த்துவிட்டாள்.

"ஃபேன் எங்கப்பா?"

"ரோட்டுல ஓடுறப்போ காத்து தன்னால வரும்மா. எதுக்கு ஃபேனு?"

"மேடு ஏறுறப்போ வராது."

ஒரு தடவை சொன்னாள். பிறகு ராய்ஸ் மாமாவின் டிரக்கில் ஏறிக்கொண்டாள், ஃபோர்டில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை என்பதால். டிரெய்லர் கட்சியில் சேர்ந்துவிட்டாளா என்று டெல்மர் கேலி செய்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சமதரையில் ஃபோர்டு சிட்டாகப் பறந்தது. பாதாம் தோப்புகளும் எண்ணெய்ப் பம்புகளும் கடந்து போயின. டெல்மர் சீட்டியடித்தார். பொலோனியோ கணவாய் மேட்டில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் மாட்டியது. முந்த வழியில்லை. நடந்துபோகிற வேகத்தில் அதன் பின்னால் ஊர்ந்து ஏற வேண்டியிருந்தது. வெப்பமானியின் முள் எழுந்தது. டெல்மரின் சீட்டி நின்றது. மேலும் அரை மைல் போனதும் ரேடியேட்டர் மூடியிலிருந்து வெள்ளை ஆவி புஸ்ஸென்று கிளம்பி, இருந்த கொஞ்சநஞ்சக் கண்ணாடியையும் மறைத்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

வனீட்டா கைப்பையோடு இறங்கி, ஆவியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "பச்சைன்னு நான் சொன்னாக் கேக்கறீங்க, மேடுன்னு அவ சொன்னாக் கேக்கக் கூடாதா?" என்றார்.  

ராய்ஸின் டிரக் வந்து பின்னால் நின்றது. ட்ரீனா இறங்கி வந்தாள். ஃபேன் என்ற வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை. எஞ்சின் ஆறட்டும் என்று அரைமணி காத்திருந்தாள். தண்ணீர் ஊற்றினாள். கிளப்பச் சொல்லிக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள், அணைக்கச் சொன்னாள்.

"ஒண்ணும் ஆகல. ஆனா இன்னொரு தடவை கொதிச்சா எஞ்சின் ஹெட் விரிசல் விட்டுடும். விட்டா மறுபடி மொதல்லேருந்து."

"மேடு இன்னும் ரெண்டு மைல்தாம்மா. அப்புறம் இறக்கம்."

"அதுக்கப்புறமும் மேடு இருக்கு." துணியில் கையைத் துடைத்தாள். "உன் வண்டிப்பா. நீயே முடிவு பண்ணு."

டெல்மருக்கு அது சுருக்கென்று குத்தியது. அந்த வீட்டில் யாரும் அதை 'உன் வண்டி' என்று சொன்னதே இல்லை, எப்போதும் 'நம்ம வண்டி'தான். சாலையில் இரண்டு ஹாட் ராட்கள் ஹாரன் அடித்துக் கையசைத்தபடி மேட்டில் ஏறிப் போயின. இரண்டையும் அவருக்குத் தெரியும். இரண்டும் அந்த வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டாத பாக்கியசாலிகள். ஓட்டிப் பார்த்துவிடலாம், மெதுவாக, நின்று நின்று. பதினெட்டு வருடம். டெல்மர் ப்ரூவிட்டின் வண்டி எப்படி வந்தது என்று பூங்கா வாசலில் நூறு பேர் கேட்பார்கள். மகள் அவரைப் பார்க்காமல் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாலு மாதம் ஆலை வேலை முடிந்து வந்து, இரவுச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டவள் அவள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஃபேனைக் கழட்டினது நான்தாம்மா."

"தெரியும்."

"நீ மினுக்கினது எல்லாருக்கும் நல்லாத் தெரியணும்னுதான்..."

ட்ரீனா இப்போதுதான் திரும்பினாள். எஞ்சின் முகப்பைக் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் தெரியுது" என்றாள். அவள் உதடு லேசாகக் கோணியது. அழுகையா சிரிப்பா என்று டெல்மருக்குப் புரியவில்லை.

அவர் ராய்ஸிடம் நடந்து போனார்.

"மாப்ள, உன் வண்டியை இறக்கு."

ராய்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தில் ஈயாடவில்லை. அத்தானைக் கேலி செய்ய வருடக்கணக்கில் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துபோயின.

"அப்போ என் வண்டியை யாரு ஓட்டறது?"

"நீதான்."

"நானா? கல்லு தெறிச்சா?"

"தெறிக்கட்டும். அதுக்கும் சொல்லிக்க ஒரு கதை கிடைக்கும்."

சிவப்பு வண்டி கீழே இறங்கியது. ராய்ஸ் வேர்த்த கையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முதல் வளைவு தாண்டியதும் அவருக்கும் குஷி வந்துவிட்டது என்பது ஹாரன் சத்தத்திலிருந்தே தெரிந்தது. சாம்பல்நிற ஃபோர்டைத் தள்ளி டிரெய்லரில் ஏற்றி, நாலு சக்கரத்தையும் பட்டையால் இறுக்கிக் கட்டினாள் ட்ரீனா. டிரக்கை அவள் ஓட்டுவதாக ஏற்பாடு. வனீட்டா அவள் பக்கத்தில் ஏறினார். டெல்மர் மட்டும் டிரெய்லர்மேல் ஏறி, குனிந்து நெளிந்து ஃபோர்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அது சட்டப்படி தப்புங்க" என்றார் வனீட்டா.

"இத்தனை வருஷத்துல இதைத் தனியா விட்டதில்ல" என்றார் டெல்மர்.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ட்ரீனா கியரைப் போட்டாள். முப்பத்தைந்து மைலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெதுவாகவே ஓட்டினாள்.

பாஸோ ரோப்லஸில் ஸ்ப்ரிங் தெரு முழுக்க, நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ராய்ஸின் சிவப்பு வண்டி சொந்தச் சக்கரத்தில் ஓடிவருவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அடுத்து வந்ததைப் பார்த்து இரண்டு பேர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்கள்.

"டெல்மர், எப்போலேருந்து இந்த வழக்கம்?" என்று ஒருவர் கத்தினார்.

"எஞ்சின் எம் பொண்ணு கட்டினது" என்று டெல்மர் ஜன்னல் வழியே பதில் சொன்னார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அடுத்தடுத்துக் கேட்ட எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

பூங்காவுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். ட்ரீனா வேகத்தைக் குறைத்தாள். டிரக்கின் சிக்னல் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தது. டிரெய்லர் மேலே, எஞ்சின் அணைந்து, சக்கரங்கள் பட்டையில் கட்டுண்டு கிடந்த வண்டியில், டெல்மர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை, தான் திரும்பப் போவதைப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, ஜன்னலுக்கு வெளியே நேராக நீட்டி, திருப்பம் முடியும்வரை அப்படியே வைத்திருந்தார்.