ஜன்னல் சாத்திய திறந்த இல்லம்

கல்லூரி அனுப்பிய விவரப் புத்தகத்தின் அட்டையில் கடல் இருந்தது. நீலக்கடல், மணல், மூலையில் 'சென்னை' என்று ஒரு வார்த்தை. மலேசியாவில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு அம்மா சொன்னார்: "பாத்தியா, அங்கேயும் கடலு. உனக்கு நம்ம ஊரு மாதிரியேதான் இருக்கும்." வெளிநாட்டுக்குப் படிக்க ஆள் அனுப்பும் ஏஜெண்டும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பின்னால் நான் அவரை எவ்வளவு திட்டினேன் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

கல்லூரி இருந்தது தண்டலத்தில். பெங்களூர் நெடுஞ்சாலை, ஓயாத லாரிகள், வாய்க்குள் போகும் புழுதி, சாலையின் இரண்டு பக்கமும் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைக் கூரைகள். வந்த அன்றே வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடலா? பூந்தமல்லி போயி அங்கேர்ந்து இன்னொரு பஸ் புடிக்கணும். காலைல கெளம்பினா மத்தியானம் பாக்கலாம். இன்னா, யாருக்காச்சும் அஸ்தி கரைக்கணுமா?" என்றார்.

வகுப்பில் எனக்குப் பேரே இல்லாமல் போனது. எல்லோருக்கும் நான் 'மலேசியா'. "மலேசியா, நல்லா தமிழ் பேசுறியேடா!" என்று மாதம் ஒருமுறையாவது யாராவது ஆச்சரியப்படுவார்கள். பிறந்ததிலிருந்து பேசுகிறேன், வேறு என்ன பேசுவேன் என்று நினைத்தீர்கள் என்று கத்தவேண்டும்போல் இருக்கும். கத்தமாட்டேன். பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அதைவிட என் பொறுமையைச் சோதித்தது அவர்களுடைய 'போலாம்'. மதியச் சாப்பாட்டின்போது யாராவது பீச் பேச்சை எடுப்பார்கள். உடனே ஆளாளுக்குக் குதிப்பார்கள். எந்த பஸ், எங்கே சுண்டல், யார் பந்து கொண்டுவருவது என்பதுவரை முடிவாகிவிடும். நானும் அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குளித்து, பையில் துண்டை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நிற்பேன். துண்டோடு நிற்பவன் நான் ஒருவன்தான். திங்கள்கிழமை கேட்டால், "அட, நெஜமாவே வந்தியா?" என்று என் முதுகில் தட்டுவார்கள். ஒருமுறை இல்லை, பலமுறை இப்படி நின்றிருக்கிறேன். புத்தி வரவில்லை.

இரண்டாம் வருடம் விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் ஸ்ரீபெரும்புதூரில் தனி அறைக்குப் போனேன். கீழே வீட்டுக்காரர்கள், மாடியில் வாடகைக்கென்று கட்டிய இரண்டு அறைகள். அவர்களுக்கு இருந்த நிலத்தைத் தொழிற்சாலைக்கு விற்று அந்த அறைகளைக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு மகன், ஒரு மகள், இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயது. பக்கத்து அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு ஷிப்ட் ஆள் எழுந்து போனால் இன்னொரு ஷிப்ட் ஆள் அதே பாயில் வந்து படுப்பான். அவர்கள் பேச்சின் முடிவில் ஒரு 'லா' வரும். எங்கள் ஊர்ப் பேச்சிலும் வரும். அந்த ஊரில் என் காதுக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வருடத் தீபாவளிக்குத்தான் எனக்கு அந்த விபரீத யோசனை தோன்றியது.

எங்கள் ஊரில் தீபாவளி என்றால் திறந்த இல்ல உபசரிப்பு. பத்திரிகைகளில் அப்படித்தான் போடுவார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்தக்கூடாது. எதிர் வீட்டுச் சீனர், அப்பாவோடு வேலை செய்யும் மலாய்க்காரர்கள், என் பள்ளிக்கூட நண்பர்கள், அவர்கள் கூட்டிவரும் யாரோ, எல்லோரும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். தீபாவளி நன்றாக நடந்ததா என்பதை அம்மா பலகாரத்தை வைத்துச் சொல்லமாட்டார், வாசலில் குவிந்த செருப்பை வைத்துச் சொல்வார். படி தெரியாத அளவுக்குச் செருப்பு கிடந்தால் முகமெல்லாம் சிரிப்பு.

முதல் வருடத் தீபாவளியை விடுதியில் தனியாகப் படுத்துக் கழித்திருந்தேன். விடுதியே காலியாகிவிட்டது, சமையல்காரர்கூட ஊருக்குப் போய்விட்டார். இன்னொரு முறை அப்படிக் கிடந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் இந்த முறை என் அறையில் திறந்த இல்லம். அம்மாவிடம் போனில் சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கறித்தூள், நட்சத்திரப்பூ எல்லாம் பார்சலில் வந்து சேர்ந்தன.

வகுப்பு முழுவதையும் கூப்பிட்டேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் காஞ்சிபுரத்துக்காரன் தோளில் கை போட்டு, "மச்சான், நீ கூப்ட்டு வராம இருப்பேனா? மொத ஆளா வரேன்டா" என்றான். எல்லோருமே வரேன் என்றார்கள். வரமுடியாது என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை, அங்கேயே நான் சுதாரித்திருக்கவேண்டும். பக்கத்து அறையிலும் சொன்னேன். கீழே இறங்கி அக்காவிடமும் சொன்னேன். அவர் மாவு சலித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு எங்க வூட்ல நோம்புபா. நோம்பு முடிச்சிட்டு வரோம்" என்றார். இதுவும் ஒரு 'வரேன்' என்று எண்ணிக்கொண்டு மாடி ஏறினேன்.

தீபாவளியன்று விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டினேன். வாடகைக்கு எடுத்த பெரிய அண்டாவில் முப்பது பேருக்குக் கோழிக்கறி. உருளைக்கிழங்கு போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, எங்கள் ஊர் முறையில். வெயில் ஏறும் நேரத்தில் வாசனை கும்மென்று எழும்பியது. நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் கீழேயிருந்து குரல் வந்தது.

"இன்னாபா பண்ணிகினு கீற மேல? நோம்பு நாளும் அதுவுமா கறி வாசனை வூடு பூரா அடிக்குதே!"

எட்டிப் பார்த்தேன். அக்கா தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். சாயங்காலம் அதிரசம் படைத்து, கையில் நோம்புக் கயிறு கட்டிய பிறகுதான் சாப்பாடு. அதுவும் சைவம்தான், மறுநாள்வரை அந்த வீட்டில் கறிப் பேச்சே எடுக்கக்கூடாது. இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் அதுதான் வழக்கம். எனக்கு யார் சொன்னார்கள்? எங்கள் வீட்டில் தீபாவளி என்றாலே கறிதான். நோம்பு என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

"தெரியாதுக்கா, மன்னிச்சிருங்க" என்றேன்.

"செஞ்சிட்ட, இனிமே கொட்டவா முடியும்? ஜன்னல சாத்திக்கோ. கதவையும் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாத்தினேன். திறந்த இல்லத்துக்கு நாள் குறித்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு, முப்பது பேருக்கான கறியோடு வியர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் வெடி வெடித்தது. ஒவ்வொரு முறை படியில் சத்தம் கேட்கும்போதும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். வீட்டுக்காரப் பையன் வெடியைக் காயவைக்க மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருந்தான். மத்தியானம் தாண்டியது. என் வாசற்படியில் என்னுடைய ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வகுப்பில் ஒவ்வொருவன் முகமாக நினைத்து நினைத்துத் திட்டினேன்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் காஞ்சிபுரத்துக்காரனைப் பிடித்துக் கேட்டேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "தீபாவளி அன்னிக்கு வூட்ட வுட்டு எப்டிடா வர முடியும்? கொன்னுடுவாங்க" என்றான்.

"அப்போ ஏன்டா வரேன்னு சொன்ன?"

"நீ ஆசையா கூப்ட்ட. வரலன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்காது?"

என் மனசு நோகக்கூடாது என்றுதான் அத்தனை பேரும் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

அது பிறகு நடந்தது. தீபாவளியன்று மூன்று மணி வாக்கில் என் கதவைத் தட்டியது பக்கத்து அறைக்காரர்களில் மூத்தவர். கம்பெனிச் சட்டை, காலில் இரும்பு முனை வைத்த ஷூ. அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், அதே சட்டை, அதே ஷூ.

"என்ன தம்பி, கோழியா? காலைலருந்து வாசம் ஆளக் கொல்லுதுல்லா. எங்களுக்கு லீவு கெடயாதுன்னுட்டானுவ, ஓவர்டைம் போட்டுட்டானுவ" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "வாங்கண்ணே, உள்ள வாங்க, உக்காருங்க" என்று பாயை விரித்தேன்.

"உக்கார எங்கய்யா நேரம்? பஸ்ஸு வந்துரும்லா. இந்த ஷூவ அவுத்து மாட்டதுக்குள்ள அவன் போயிருவான். இதுல போட்டுக் குடுங்க, கேண்டீன்ல வச்சுத் தின்னுக்கிடுதோம்" என்று டிபன் டப்பாவை நீட்டினார். பின்னாலிருந்து வரிசையாக டப்பாக்கள் நீண்டன.

போட்டேன். ஆத்திரத்தோடு போட்டேன். எந்தப் பயலும் வரப்போவதில்லை, யாருக்கு வைத்திருக்கப் போகிறேன் என்று கரண்டி கரண்டியாக அள்ளி நிரப்பினேன். "ஷிப்ட்டுல இன்னும் பயலுவ இருக்கானுவ" என்றார்கள். அறையில் இருந்த வாளியையும் கொடுத்தேன். அண்டாவின் அடியைச் சுரண்டியும் போட்டேன். வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு, "தீபாவளி வாழ்த்துகள் தம்பி" என்று கத்திக்கொண்டே தடதடவென்று இறங்கி ஓடினார்கள். என் கறி பஸ் ஏறி ஒரகடம் போனது. நான் காலி அண்டாவோடு நின்றேன்.

சாயங்காலம் பூத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "செருப்பு நெறஞ்சுதாடா?" என்றார்.

"இல்லம்மா. ஒண்ணுகூட இல்ல. கறி மட்டும் தீந்துபோச்சு."

"அது எப்படிடா?"

சொன்னேன். "சரி, கொஞ்சமாச்சும் எடுத்து வச்சிருக்கியா? கறி மறுநாளுதான் ருசி" என்றார். ஒரு சொட்டு இல்லை என்றேன். அவர் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார், எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை, வைத்துவிட்டேன். அறைக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு தட்டு நிறைய அதிரசமும் வாழைப்பழமும் மூடி வைத்திருந்தது. தட்டு மட்டும் வருகிறது, ஆள் வருவதில்லை என்று அதன்மீதும் கோபப்பட்டேன். தொடக்கூட இல்லை.

மறுநாள் பகல், அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டாமலே திறந்தது. அக்கா. புதுப் புடவை, கையில் மஞ்சள் கயிறு. பின்னால் அவருடைய வீட்டுக்காரர் புதுச் சட்டையில், பின்னால் இரண்டு பிள்ளைகள். நான்கு பேரும் உள்ளே வந்து, சுவரோரமாக இருந்த பாயை அவர்களாகவே விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"நோம்பு முடிச்சிட்டு வரோம்னு சொன்னேன்ல. போடுபா உன் மலேசியா கறிய. நேத்து பூரா வாசனைய வெச்சே எங்களக் கொன்னுட்ட" என்றார் அக்கா.

நான் அண்டாவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். வரேன் என்று சொன்ன அத்தனை பேரிலும் சொன்னபடி வந்து உட்கார்ந்தது இந்த வீடு ஒன்றுதான், அவர்களுக்குப் போட என்னிடம் ஒரு உருளைக்கிழங்குகூட இல்லை. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. நீங்கள் வருவீர்கள் என்று நான் நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? "தீந்துபோச்சுக்கா" என்றேன்.

"இன்னாபா இது, வூட்டுக்கு வானு கூப்ட்டுட்டு ஒண்ணும் வெக்காம கீற?" அவர் எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா கீழிருந்து ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியையும் இட்லிக் குண்டானையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். இரண்டையும் என் முன்னால் வைத்து, கரண்டியை என் கையில் கொடுத்தார்.

"நீ போடு. உன் வூட்ல சாப்புடறோம்னு சொன்னோம், உன் வூட்லதான் சாப்புடுவோம்."

அவர்கள் குழம்பை அவர்களுக்கே பரிமாறினேன். பிறகு அக்கா கரண்டியைப் பிடுங்கி எனக்குப் போட்டார். என் கறியைவிட அது நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. தொடாமல் வைத்திருந்த அதிரசத் தட்டை நடுவில் வைத்தேன், பிள்ளைகள் முடித்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல் என் கண் வாசலுக்குப் போனது. அம்மாவுக்குச் சொல்ல ஒரு ஜோடியாவது கிடக்குமா என்று எட்டிப் பார்த்தேன். என்னுடையது மட்டும்தான் கிடந்தது. கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு வர யார் செருப்புப் போடுவார்கள்? நான்கு பேரும் வெறுங்காலோடு வந்திருந்தார்கள்.