மீந்துபோன வில்லை

ஃபரீஹா என்றால் ரெட்டியார்பாளையத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. மெத்தைக்கடை அம்மா என்று கேட்டால் வழி சொல்வார்கள். சோபாவுக்கு உறை தைப்பது, ஃபோம் மாற்றுவது, ஆட்டோ சீட்டுக்கு ரெக்சின் போடுவது என்று அந்தக் கடை ஓடுகிறது. என் ஆட்டோ சீட்டும் அவர் தைத்ததுதான். ஸ்டாண்டு கடைக்கு எதிரிலேயே இருப்பதால் அவருக்கு ஃபோம் ஷீட் ஏற்றிவருவதும் நான்தான்.

அவர் வீட்டுக்காரர் கமருஸ்ஸமான் பாய்க்கு வலது கண் இல்லை. பழைய சோபா ஒன்றைப் பிரிக்கும்போது உள்ளே அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் துள்ளி வந்து அடித்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனதும் இந்த வண்டிதான். அதற்குப் பிறகு அந்தக் கடை மேசைமேல் ஒரு ஊசி சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஃபரீஹாவிடம் போய் அம்பு செய்து தரச் சொன்னான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்த சொல்தா வீட்டு மாக்சிம். பிரான்சிலிருந்து வந்தவன். அங்கே ராஜா, படைவீரன், கொள்ளைக்காரன் என்று வேஷம் கட்டிக்கொண்டு, நாள் முழுக்க அந்த ஆளாகவே இருந்து சண்டை போட்டு விளையாடுவார்களாம். அதைத் தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு காலி மனையில் ஞாயிறுதோறும் ஆரம்பித்திருந்தான். கை கால் நன்றாக இருக்கிற பிள்ளைகள் வெயிலில் நின்று ஒருவரை ஒருவர் எய்துகொள்வது எனக்குப் புத்தி கெட்ட வேலையாகத்தான் பட்டது. ஃபரீஹாவும் முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் அவர் மகள் ரூமானாவே அந்தக் கும்பலில் சேர்ந்துவிட்டாள். அவள் கொண்டுவந்த அம்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தவர், இதுக்கு நானே செய்து தொலைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மூங்கில் குச்சியின் முனையில் செருப்புத் தோலில் வெட்டிய வட்ட வில்லை ஒன்று. அதன்மேல், கண்குழிக்குள் போக முடியாத அகலத்துக்கு ஃபோம். எல்லாவற்றுக்கும் மேலே துணித் தொப்பி. குச்சி ஃபோமைத் துளைத்துக்கொண்டு வராமல் தடுப்பது அந்த வில்லைதான். எத்தனை குச்சியோ அத்தனை வில்லைதான் வெட்டுவார். பிஸ்கட் டப்பாவில் வில்லை தீர்ந்தால் வேலை சரியாக முடிந்தது என்று கணக்கு. பிறகு சுவரோரம் முதுகைக் காட்டி நிற்பார். பாய் ஒற்றைக் கண்ணால் குறிபார்த்து ஒவ்வொரு அம்பையும் ஒரு தடவை எய்வார். ஸ்டாண்டில் உட்கார்ந்து நாங்கள் சிரிப்போம், அவரும் சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டப்பா காலியாக இருந்தது. முதுகுச் சோதனையும் முடிந்து, ரூமானா அம்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெயில் ஏறிய பிறகு பாய் கடையைப் பெருக்கினார். கழித்துப்போட்ட ஃபோம் துண்டு ஒன்றின் அடியில் பசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு தோல் வில்லை. அதை வாசலுக்குக் கொண்டுவந்து ஃபரீஹாவிடம் காட்டினார். அப்படியென்றால் ஒரு அம்பு வில்லை இல்லாமலே போயிருக்கிறது.

வில்லை இல்லாத அம்பு முதல் அடியில் காட்டிக்கொடுக்காது. புது ஃபோம் தாங்கும். அடிக்க அடிக்கத்தான் குச்சி உள்ளே வழி பண்ணிக்கொண்டு முன்னால் வரும். காலையிலிருந்து அங்கே எய்துகொண்டிருக்கிறார்கள்.

போன் எடுக்க ஆளில்லை. ஆட்டம் முடியும்வரை எல்லாருடைய போனும் ஒரு பெட்டிக்குள் கிடக்குமாம். ஃபரீஹாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விரட்டினால், முதலியார்பேட்டை ரயில்வே கேட் வேறு மூடிக் கிடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா முன்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"யாரு புள்ள கண்ணோண்ணே. ஒரு கண்ணு போனா அந்த வீடு என்னாவும்னு எனக்குத் தெரியும்ண்ணே."

நான் ஆரனை மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன்.

மனைக்குள் புகுந்ததும் அவர் புர்கா பறக்க நடுவில் ஓடினார். நிறுத்துங்கள், எய்யாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். ஒருவரும் நிறுத்தவில்லை. அங்கே அழுவதும் கெஞ்சுவதும் காலில் விழுவதும் எல்லாமே ஆட்டம்தானே. புதிதாக வந்த அம்மா பிரமாதமாக நடிக்கிறார் என்று ஆரவாரம் செய்தார்கள். கீழே கிடந்த அம்புகளைப் பொறுக்கி அவர் நுனியை அழுத்தப் பார்த்தால், எதிரி ஆயுதத்தைத் திருடுகிறாள் என்று ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடினான். நானும் கத்தினேன். காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, நீ எந்த ராஜாவின் காவலாளி என்று கேட்டான் ஒரு தடியன். அவனை அறைந்திருப்பேன், நேரமில்லை.

மண்மேட்டின் மேல் வில்லோடு நின்றாள் ரூமானா. ஒரு தடவையாவது வந்து விளையாடும்மா என்று மாதக்கணக்கில் கெஞ்சியவள் அவள். அம்மாவைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஆசையாக அம்பைத் தொடுத்து அம்மாவை நோக்கி விட்டாள். ஃபரீஹா முகத்துக்கு முன்னால் கையை விரித்தார். அம்பு கையில் பட்டது. அவர் முழங்காலிட்டு விழுந்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். ரூமானாவும் தட்டினாள்.

முழங்கை வழியாக ரத்தம் சொட்டியபோதுதான் அவளுக்கு உறைத்தது. "ஆல்த்!" என்று அலறினாள். அத்தனை பேரும் ஆயுதத்தைப் போட்டுவிட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். ஆட்டத்தை நிறுத்த அந்த ஒரு பிரெஞ்சுச் சொல்தானாம். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஃபரீஹா கையைப் பார்க்கவே இல்லை. அம்பைத்தான் தேடி எடுத்தார். தொப்பி கிழிந்து, முனை சிலும்பிய மூங்கில் ஃபோமுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே விரலை விட்டுத் துழாவினார். வில்லை இல்லை.

"இதாண்ணே. இதேதான்" என்றார். உடம்பு குலுங்க அழுதார்.

ரூமானா ஓடிவந்து எதிரில் விழுந்தாள். "நீ வெளையாட வந்துட்டேன்னு நெனச்சேம்மா."

ஃபரீஹா ரத்தம் வழியும் கையோடு மகளின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, அவள் கண்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.