சும்மா போவதற்கு உடுத்திய காற்சட்டை

"சும்மா வாங்க சேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறகு வீட்ட வாங்க, கதைப்பம்" என்று அரிசி ஆலை முதலாளி தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லியிருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் அந்த மேசையின் இரண்டு பக்கமும் நான் இருந்திருக்கிறேன். அதற்கு என்ன உடுத்த வேண்டும் என்று தெரியும். சும்மா வரச் சொன்ன இடத்துக்கு என்ன உடுத்துவது?

அறுபத்தெட்டு வயதில் எனக்கு எதற்கு வேலை என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உள்ளதையெல்லாம் எண்ணத் தொடங்கிவிட்டேன். கூடையில் உருளைக்கிழங்கு எத்தனை, தென்னையில் குரும்பை எத்தனை, கொடியில் கிளிப் எத்தனை. எண்ணுவதோடு நின்றிருந்தால் மனைவி பொறுத்திருப்பாள். குறைந்தால் ஏன் குறைந்தது என்றும் கேட்பேன்.

"நேத்து பதினொரு கிழங்கு கிடந்த. இண்டைக்கு எட்டுத்தான் இரிக்கி."

"மிச்சம் மூணையும் ராவு நீங்கதானே திண்டீங்க! வகுத்துக்குள்ள போய் எண்ணுங்க" என்பாள். பிறகு பெருமூச்சு விட்டுச் சொல்வாள்: "உங்களுக்குப் பென்ஷன் வந்திட்டு. எனக்கு எப்ப வாற? நீங்க வேலைக்குப் போற நாளில இருந்துதான் என்ட பென்ஷன் தொடங்கும்."

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கே அந்த ஆசை இருந்தது. எண்ணிச் சொன்னால் முகம் சுளிக்காமல் "சரி, அடுத்ததையும் எண்ணுங்க" என்று சொல்லும் ஓர் இடம் வேண்டும் போலிருந்தது. வரிப்பத்தான்சேனைப் பக்கம் ஆலை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், வரும் நெல்லையும் போகும் அரிசியையும் சரிபார்க்க நம்பிக்கையான ஆள் தேடுகிறார் என்று பள்ளிவாசலில் கேள்விப்பட்டேன். சொல்லி அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் அந்த 'சும்மா வாங்க.'

வியாழக்கிழமை பின்னேரம் அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். சேர்ட் ஒன்பது. ஜுப்பா இரண்டு. சாரன் பதினான்கு, அதில் ஐந்து பெருநாளைக்கு வந்தவை, இன்னும் பெட்டியிலிருந்து எடுக்காதவை. கந்தோர்க் காற்சட்டை ஐந்து. ஐந்தையும் போட்டுப் பார்த்தேன். நான்கு இடுப்பில் பூட்ட மறுத்துவிட்டன. ஐந்தாவது, சாம்பல் நிறம், மூச்சை உள்ளே இழுத்தால் பூட்டியது.

கட்டாரில் இருக்கும் மகள் அந்த நேரம் பார்த்து வீடியோவில் வந்தாள்.

"வாப்பா, டை ஒண்டும் கட்டிராதீங்க. சும்மா சந்திக்கிறத்துக்கு ஸ்மார்ட் கேஷுவல்தான் சரி."

"அதென்ன உடுப்பு, மகள்?"

"வெளிக்கிட்டும் வெளிக்கிடாத மாதிரி இரிக்கோணும், வாப்பா."

"இவர் வெளிக்கிடாமலே வெளிக்கிட்ட மாதிரி நிக்கிறார், பாரு" என்று மனைவி தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். நான் சாம்பல் காற்சட்டையும் பனியனுமாக மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். தாயும் மகளும் இரண்டு நாட்டில் இருந்துகொண்டு சேர்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் வழக்கம்போல வெள்ளைச் சாரன் உடுத்தி ஜும்ஆவுக்குப் போய் வந்தேன். வந்ததும் சாரனைக் களைந்து காற்சட்டைக்குள் இறங்கினேன்.

"பள்ளிக்குப் போன சாரனோடயே போங்களன்" என்றாள் மனைவி. "மனிசன் வீட்டதானே வரச் சொன்ன?"

"அது தொழுகைக்குப் போற உடுப்பு. இது வேலை விசயம்."

"சரி, அதோட இருந்து பாத்தீங்களா?"

கதிரையில் இருந்து காட்டினேன். எழும்பினேன். மறுபடியும் இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெருமையாக இருந்தது. வெளிர்நீல சேர்ட்டை உள்ளே விட்டு, இடுப்பு வாரை இறுக்கி, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். டை கட்டவில்லை. அதுதான் என் கேஷுவல்.

முதலாளியின் வீட்டுப் படியில் கால் வைத்ததும் முதலாவது பயம் வந்தது. படியில் பதினேழு சோடி செருப்புக் கிடந்தது. எல்லாம் வீட்டுக்குப் போடும் றப்பர் செருப்பு. அவற்றின் நடுவில் என் சப்பாத்தைக் கழற்றி வைத்தேன். நாடா அவிழ்க்கக் குனிந்தபோது காற்சட்டை ஒரு சத்தம் போட்டது. அதை நான் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

உள்ளே ஹோலில் கதிரைகள் எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. நிலம் முழுக்கப் பாய். பாயில் மூன்று சஹன், பலர் சுற்றியிருந்து சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டுகள், மூடி போட்டபடி. நெல் வாங்கும் அவசரமெல்லாம் முடிந்த சந்தோஷத்தில் முதலாளி தன் ஆலை ஆட்களுக்கு அன்று சாப்பாடு கொடுக்கிறார். சாரதி, மெஷின்காரர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சாரன். நாற்பது வயது மதிக்கத்தக்க முதலாளியும் சாரன்.

"வாங்க சேர், வாங்க! உங்களுக்காகத்தான் பாத்துக்கு இரிக்கம்" என்று தன் சஹனில் இருந்த இடைவெளியைக் காட்டினார்.

கணக்கு உடனே விளங்கியது. அந்த வீட்டில் ஒரு சஹனுக்கு ஆறு பேர். மூன்று சஹன், பதினெட்டுப் பேர். படியில் பதினேழு சோடி. அந்தப் பதினெட்டாவது ஆள் நான். ஒரு சஹனைச் சுற்றி ஆறாவது ஆள் இருக்கும் வரைக்கும் மற்ற ஐந்து பேரும் மூடியைத் திறக்க மாட்டார்கள். நெய்ச்சோற்று வாசம் மூடிக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் முழங்காலை மடித்தேன். கால்வாசி தூரம்தான் போக முடிந்தது. துணி தொடையைப் பிடித்துக்கொண்டது. எழும்பினேன். மற்றக் காலால் முயன்றேன். அதுவும் அவ்வளவுதான்.

"முழங்கால் நோவா சேர்?" என்று முதலாளி இரக்கத்தோடு கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "ஒரு கதிரை எடுங்க!" என்றார்.

கதிரை வந்தது. சஹன் கீழே, பாயில். ஐந்து தலைகள் என் முழங்கால் உயரத்தில். மௌலவி பயான் செய்ய ஏறியது போல நான் மட்டும் மேலே இருந்தேன். கைக்கும் சோற்றுக்கும் நடுவில் இரண்டு முழமாவது இருக்கும்.

"எட்டுதா சேர்?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த லொறிச் சாரதி. தலை நரைத்த மனிதர், என் வயதுதான் இருக்கும். "இல்லாட்டி நாங்க உருட்டி மேல எறிவம், நீங்க ஏந்துங்க."

"எட்டும், எட்டும்" என்று காட்டுவதற்காகக் குனிந்தேன்.

அந்தக் குனிவுதான் கடைசி. இடுப்புப் பொத்தான் தெறித்துப் போய் சஹன் மூடியில் டிங் என்று பட்டு, பாயில் உருண்டு, முதலாளியின் காலடியில் படுத்தது.

இந்த வேலை போய்விட்டது, மனைவிக்குப் பென்ஷன் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இனி மறைப்பதற்கும் ஒன்றுமில்லை.

"முழங்காலுக்கு ஒண்டுமில்ல தம்பி" என்றேன். "களிசான்தான் இருக்க விடுதில்ல."

முதலில் சிரித்தது சாரதிதான். பிறகு மற்ற இரண்டு சஹனும் சிரித்தன. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனார். தன் அலுமாரியைத் திறந்து, மருதமுனையில் நெய்த நீலக் கட்டம் போட்ட சாரன் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"இத உடுத்திட்டு கெதியா வாங்க காக்கா. சோறு ஆறுது."

போகும்போது சேராக இருந்தேன். சாரனைக் கையில் வாங்கியதும் அண்ணன் முறையில் காக்காவாகிவிட்டேன். உடுத்திய பிறகு இடுப்பில் நம்பிக்கை வராமல் கந்தோர் வாரையும் சாரனுக்கு மேலே கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். "மாஷா அல்லாஹ்! பழைய காலத்து நூறு ஏக்கர்ப் போடியார் மாதிரி இரிக்கீங்க மச்சான்" என்றார் சாரதி. அவருக்கும் முதலாளிக்கும் நடுவில் சம்மணம் போட்டு இருந்தேன். என்ன சுகம்! மூச்சை இழுக்க வேண்டியிருக்கவில்லை.

பிஸ்மி சொல்லி மூடியைத் திறந்தார்கள். நெய்ச்சோறு, நடுவில் பொரித்த கோழி, ஓரத்தில் பருப்பு, அன்னாசி அச்சாறு. வாய் என்னையறியாமல் சொல்லிவிட்டது:

"ஒம்பது துண்டு. ஆறு பேர். மூணு மிச்சம் வரும்."

"மிச்சம் வராது" என்றார் சாரதி. "நான் இரிக்கன்."

முதலாளி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "மூடி திறந்து எவ்வளவு நேரம் காக்கா? அதுக்குள்ள எண்ணிட்டீங்களா?"

"மற்றச் சஹன்லயும் ஒம்பது, அந்தச் சுவர்ப்பக்கத்தில எட்டு" என்றேன். பயத்தில் சொன்னதுதான்.

சுவர்ப்பக்கத்துச் சஹனில் இருந்த ஒருவர் வாய் நிறையச் சோற்றோடு கை உயர்த்தினார். மூடி திறக்கும்போதே ஒன்றை எடுத்துவிட்டாராம்.

முதலாளி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "ஆலையில மூட்டைய எண்ணச் சொன்னா இவங்களுக்கெல்லாம் நித்திரை வருகுது. இந்த மனிசன் பசியோட இரிக்கக்குள்ளயே எண்ணுறார். திங்கக்கிழமை வாங்க காக்கா."

தண்ணீர் குடித்துவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டேன்: "என்ன உடுத்திட்டு வாற?"

வட்டிலப்பம் வரும் வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "தவிட்டுக்குள்ள நிக்கிறத்துக்குக் களிசான் எதுக்கு? வகுறு பொறுக்கிறத உடுத்திட்டு வாங்க" என்றார் முதலாளி.

காற்சட்டையை ஒரு சொப்பிங் பையில் போட்டு, பொத்தானைச் சேர்ட் பையில் போட்டு, நீலச் சாரனோடும் சப்பாத்தோடும் வீட்டுக்கு வந்தேன். மனைவி கேற்றடியில் நின்றாள்.

"களிசானோட போனீங்க, ஆருடயோ சாரனோட வாறீங்க. என்ட அல்லாஹ், என்ன நடந்த?"

"உனக்குப் பென்ஷன் கிடைச்சிட்டு" என்றேன்.

முழுக் கதையையும் இரண்டு தரம் சொல்ல வைத்தாள். மகளுக்கும் சொல்லச் சொன்னாள். பொத்தான் மூடியில் பட்ட இடத்தில் ஒவ்வொரு தரமும் டிங் என்று நான் சத்தம் போட வேண்டியிருந்தது.

திருப்பிக் கொடுக்க வேண்டிய சாரன் என்பதால் சனிக்கிழமை காலையில் அவளே கழுவி, முற்றத்துக் கொடியில் போட்டாள். கடல் காற்றுக்கு அது பறக்காமல் இருக்கக் கிளிப் குத்தினாள். நான் கதவடியில் நின்று பார்த்தேன். நான்கு கிளிப். நேற்றுப் பத்து இருந்தது, கூடையில் இப்போது ஐந்துதான் கிடந்தது.

"ஒண்டு குறையுது" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கோபம் இல்லை.

"எண்ணுங்க, எண்ணுங்க" என்றாள். "நாளை வரைக்கும்தானே."