இட்லி தின்ற கடல் மீன்

அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையுமாக இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு கடல் மீன் வந்து தங்கியது. வெங்காயமே தயங்கித் தயங்கி நுழையும் வீடு அது. என் மனைவியின் சட்டம் அப்படி.

மீன் என் அதிகாரியுடையது. செம்பூரில் தனியாக இருந்த கேரளத்துக்காரர். கண்ணாடித் தொட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி, வெற்றிலை அகலத்தில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு கறுப்பு மீனை வளர்த்தார். மூன்று வாரம் ஊருக்குப் போகும்போது என்னைக் கூப்பிட்டார். "நீ பொறுப்பான ஆள். இதைப் பாத்துக்கோ. வந்ததும் உன்னைப் பர்மனன்ட் ஆக்கற பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்." இரண்டு வருஷமாக டெம்பரரி குமாஸ்தா நான். திமிங்கிலத்தைக் கொடுத்திருந்தாலும் டாக்ஸியில் ஏற்றியிருப்பேன்.

தொட்டியை மனைவி அனுமதித்தாள். "பாவம், அதுவும் ஜீவன்தானே." கூடவே வந்த உலர்ந்த இறால் பொட்டலத்தை அனுமதிக்கவில்லை. அதை ஆபீஸுக்கு எடுத்துப்போய் பியூனிடம் கொடுத்து வைத்தேன். தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக் கிறிஸ்தவர், தங்கமான மனிதர். நான் பிரியமாகக் கொடுத்ததாக நினைத்து வீட்டில் துவையல் அரைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

"அதனாலென்ன, நாம சாப்பிடறதையே அதுவும் சாப்பிடட்டும்" என்று மனைவி இட்லியை உதிர்த்துப் போட்டாள். மீன் ஒரு விள்ளலை வாயில் வாங்கித் துப்பியது. மறுநாள் சேவை. அதற்கு மறுநாள் ஊறவைத்த பயத்தம்பருப்பு. நானும் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றேன், வெட்கக்கேடு. ஐந்தாம் நாள் மீன் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. ரவை தூவினாற்போல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். எனக்குக் கவலை வந்துவிட்டது. மீனுக்காக அல்ல, அந்தக் கையெழுத்துக்காக.

பியூனை அழைத்துவந்து காட்டினேன். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"கடல் மீனுல்லா சார்! இட்லியத் தின்னு எப்படிப் பொழைக்கும்? பச்சை றாலு வேணும். நான் கொண்டாரேன். அது சாப்பாட்டத் தின்ன பாவம் எனக்கு இருக்குல்லா."

மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. பிறகு வெளியே வந்து தீர்ப்புச் சொன்னாள். இறால் வாசற்படி தாண்டக் கூடாது. மீன் வேண்டுமானால் வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாம். ஆனால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

"அது எப்பவும் தண்ணியிலதானே இருக்கு?" என்றேன்.

"அது இருக்கற தண்ணி. நான் சொல்றது குளிக்கற தண்ணி."

அன்றிலிருந்து தினமும் காலையில் தொட்டித் தண்ணீரோடு மீனை ஒரு வாளியில் எடுத்து வராந்தாவுக்குக் கொண்டுபோவேன். பியூன் ஆபீஸ் போகிற வழியில் வந்து இறாலைப் பொடிசாகக் கிள்ளிப் போடுவார். முதல் நாள் அது சீண்டவில்லை. இரண்டாம் நாள் ஒரு துணுக்கு. சாப்பாடு முடிந்ததும் வேறொரு வாளியில், முந்தின நாளே பிடித்துவைத்த நல்ல தண்ணீரில் ஸ்நானம். மனைவி உள்ளே நின்று சுலோகம் சொல்வாள். அது முடிந்தால்தான் மீன் தொட்டிக்குத் திரும்பலாம். மேல்மாடி குஜராத்திக்காரர் இது என்ன விரதம் என்று விசாரித்தார்.

பத்து நாளில் புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. மனைவி பக்கத்தில் போனாலே மீன் கண்ணாடியில் வந்து மூக்கை முட்டும். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பாள். என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

அதிகாரி மீனை எடுத்துப்போக வந்தார். புள்ளி விழுந்ததையும் நல்ல தண்ணீரில் விட்டதையும் மட்டும் சொன்னேன். இப்படிப் புள்ளி விழுந்தால் சற்று நேரம் நல்ல தண்ணீரில் விடுவதுதான் வைத்தியமாம். "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று வியந்தார். "புஸ்தகத்துல படிச்சேன் சார்" என்றேன், கூசாமல். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தொட்டி டாக்ஸியில் ஏறியது.

மறுநாள் கையெழுத்தும் ஆனது. ஜாங்கிரியோடு வீட்டுக்கு வந்தேன். அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"அவர் அதைக் குளிப்பாட்டறாரா? கேட்டேளா?"

"அதான் குணமாயிடுத்தே. இனிமே வேண்டாம்."

"இறால் சாப்பிடறதோன்னோ? அப்போ வேணும்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. மூன்று வாரம் என் வேலையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்ட எனக்கு அவமானமாக இருந்தது.

பஸ் பிடித்து இருவரும் செம்பூர் போனோம். நான் நிரந்தரமாகி ஒரு நாள்கூட முடியவில்லை. அதிகாரி கதவைத் திறந்தார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல், "சார், மீனைக் குளிப்பாட்டறேளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வேடிக்கை என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வேற்று ஆண்கள் முன்னால் வாயே திறக்காத என் மனைவி, என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சிரிக்கறதெல்லாம் அப்புறம். அதைக் குளிப்பாட்டினேளா, இல்லையா?"