பின்பக்கத்தால் திறந்த பெட்டகம்

அந்தப் பெட்டகம் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காது. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள் முறை, தன் புருசனுக்குக் கண்டிக்கு வேலை மாற்றம் வந்தபோது யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அதை லொறியில் ஏற்றி வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்தார். நாங்கள் அங்கே அரசாங்கக் காணி கிடைத்துக் குடியேறி அப்போது ஒரு போகம்தான் வெட்டியிருந்தோம். கதிரைகூட இரண்டு இல்லாத வீட்டில், பித்தளைப் பூண் போட்ட அந்தப் பழைய மரப்பெட்டி பாதி அறையைப் பிடித்துக்கொண்டது.

பெட்டகத்தைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியபடி மச்சாள் சொன்னார்: "திறப்பைத் திருப்பினா உள்ளுக்கை மணி அடிக்கும். அயலட்டைக்கே கேக்கும். என்ரை பதக்கஞ் சங்கிலி இதுக்கைதான் இருக்கு."

நான் கேட்கவே இல்லை. அந்த மணிக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்று எனக்கு விளங்காமலும் இல்லை. இவரோ தாயில்லாமல் அக்காவின் கையால் உண்டு வளர்ந்தவர். அக்கா சொன்னதில் ஒரு குத்தல் இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்!

மாரி தொடங்கியதும் மண் நிலத்தால் கறையான் ஏறியது. பெட்டகத்தின் ஒரு காலைத் தின்று முடித்து அடிப்பலகைக்குப் போனது. மண்ணெண்ணெய் பூசினேன், அடங்கவில்லை. திறப்பை அனுப்பச் சொல்லிக் கண்டிக்கு இரண்டு தரம் எழுதிப் போட்டோம். மறுமொழி இல்லை. கறையான் தின்கிறது என்று தெரிந்தும் ஒரு பெண் தன் சங்கிலியை நினைத்துப் பதறாமல் இருப்பாளா? எனக்கு அங்கேயே மனம் இடறியது.

திறக்காவிட்டால் உள்ளே இருப்பது மண்ணாய்ப் போகும். திறந்தால் கள்ளர் பட்டம். "அக்கா என்னைக் கள்ளனெண்டு நினைச்சா பிறகு எனக்குச் சோறு இறங்காது," என்று இவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

"சாட்சி வைச்சுத் திறப்பம்," என்றேன். என் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமை வேறு.

கிராம அதிகாரியான விதானையார் வந்தார். பக்கத்துக் காணிக்காரரும் பெண்சாதியும் வந்தார்கள். நாங்கள் கூப்பிட்ட தச்சர் பூட்டைத் தொடவே இல்லை. பெட்டகத்தைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் குந்தி, மூடியைப் பிடித்திருந்த பிணைச்சல் ஆணி இரண்டையும் தட்டி உருவினார். மூடி பின்பக்கத்தால் எழும்பியது. ஒரு சத்தமும் இல்லை.

உள்ளே கறையான் அரித்த கூறைச்சேலை, கொஞ்சம் பித்தளைப் பாத்திரம், ஒரு நகைச் செப்பு. விதானையார் எல்லாருக்கும் தெரியச் செப்பைத் திறந்தார். வெறுமை.

"ஆரெண்டாலும் இப்பிடித் திறக்கலாமோ?" என்று அவர் தச்சரைக் கேட்டார்.

"ஓம் ஐயா. ஆணியைத் திருப்பி அடிச்சா அடையாளமும் தெரியாது."

நாங்கள் களவெடுக்கவில்லை என்று காட்டக் கூப்பிட்ட ஆட்கள், எடுப்பது எவ்வளவு சுலபம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பக்கத்துக் காணிக்காரி என் கழுத்தைப் பார்த்தாள். தேத்தண்ணி வைக்கிறேன் என்றேன், ஒருவரும் நிற்கவில்லை. அதன்பிறகு நான் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனால் பெண்களின் கதை சட்டென்று நின்றுவிடும்.

அதுகூடப் பெரிதில்லை. அன்றைக்கு அவர்கள் படலையைத் தாண்டியதும் இவர் என்னிடம் வந்து, "உண்மையைச் சொல்லு, நீ எடுத்தனியோ?" என்று கேட்டார். கோபத்தில் எனக்கு வாய் வரவில்லை. வாய் வராததையும் அவர் ஒரு மாதிரித்தான் பார்த்தார்.

பெட்டகத்தைத் திறந்ததை இவர் கண்டிக்கு எழுதிப்போட, பொங்கல் கழிய மச்சாள் வந்தார். பெட்டகத்தின் பக்கமே போகாமல் கதிரையில் இருந்து அழுதார்.

"சங்கிலி அதுக்கை இல்லையடா தம்பி. அத்தான் வருத்தமாய் ஆசுப்பத்திரியிலை கிடந்த வருசமே வித்திட்டன். ஆக்களுக்கு முன்னாலை ஒண்டும் இல்லாதவளா நிக்க ஏலாமல்தான் வெறும் செப்பைப் பூட்டி வைச்சனான்."

இவருக்குப் போன உயிர் வந்தது. குசினிக்குள் ஓடிவந்து, "கேட்டனியே? அக்கா என்னைச் சந்தேகப்படேல்லை," என்றார்.

நான் அடுப்பைப் பார்த்தபடி கேட்டேன்: "என்னைக் கேட்டமாதிரி, உங்கடை அக்காவையும் கேட்டனீங்களோ?"

அவர் திகைத்துப்போனார்.

"அதெப்பிடி? அக்காவைப் போய் ஆரும் சந்தேகப்படுவினமோ?"