விண்வெளிச் சிப்பாயின் கால்கள்

அந்த ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராகத்தான் உட்காருவோம். தனியாக உட்கார எங்களில் யாருக்கும் கட்டுப்படியாகாது. துப்பாக்கி ஆட்டம் என்றால் ஒருவன் கீபோர்டு, இன்னொருவன் மவுஸ். நடப்பது, ஓடுவது, குதிப்பது என் வேலை. திரும்பிக் குறிபார்த்துச் சுடுவது என் கூட்டாளியின் வேலை. அவன் திண்டிவனத்துக்காரன், பாலிடெக்னிக்கில் என் பெஞ்ச். ஞாயிறானால் பஸ் ஏறி வந்துவிடுவான்.

அப்படித்தான் ஒரு விண்வெளி ஆட்டத்தை முடித்தோம். வேற்றுக் கிரகம், பாழடைந்த ஆய்வுக்கூடம், இருட்டில் பாயும் ஜந்துகள். ஒரே சிப்பாய்க்குள் நாங்கள் இரண்டு பேர். பின்னால் போ என்று அவன் வாயெடுப்பதற்குள் நான் போயிருப்பேன்.

பிறகு அதற்கு எக்ஸ்பான்ஷன் பேக் வந்தது. பழைய ஆட்டம் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் இந்தக் கூடுதல் பாகம் ஓடும். சென்டர் அண்ணனோ, கிரிக்கெட் ஆட்டத்துக்கு இடம் வேண்டும் என்று பழையதை அழிக்கப் பார்த்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தடுத்தேன். முனகிக்கொண்டே புதுப் பாகத்தையும் ஏற்றிக் கொடுத்தார். அது செமஸ்டர் லீவு. அந்த வாரம் முழுக்க நான் அதைத் தொடவில்லை. மற்றவர்கள் ஆடினால் வெளியே போய் நின்றுகொள்வேன். அவன் வரட்டும், இரண்டு பேருமாகத் திறப்போம் என்று இருந்தேன்.

ஞாயிறு வந்தவனிடம் புதுப் பாகம் ஏற்றியாயிற்று என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"அத நான் முடிச்சிட்டன்டா. சுமாராத்தான் கீது."

யாரோடு என்று கேட்டேன். மாமா வீட்டில் புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்களாம். மாமா பையன் கீபோர்டு பிடித்தானாம். பஸ்ஸில் சீட் கிடைத்த கதையைப் போலச் சொன்னான். பரவாயில்லை, உனக்காக இன்னொரு வாட்டி ஆடுகிறேன் என்று வேறு பெருந்தன்மை காட்டினான். எனக்காகவாம்!

ஆரம்பித்தோம். அதே சாம்பல் நிறத் தாழ்வாரம், அதே இரும்புக் கதவு. பழைய ஜந்துக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்கள். புதுத் துப்பாக்கிக்குப் பழையதே தேவலாம். அவன் சொன்னது சரிதான், சுமார். அதுதான் இன்னும் எரிந்தது. பிரமாதமாக இருந்திருந்தால் ஆசையை அடக்க முடியாமல் ஆடிவிட்டான் என்று விட்டுத் தொலைத்திருப்பேன். இந்தக் குப்பைக்கா எனக்காக ஒரு ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை?

கதவு திறப்பதற்கு முன்பே அவன் குறிவைத்துக் காத்திருந்தான். எது எங்கிருந்து பாயும் என்று அவனுக்குத் தெரியும். நான் பயந்து அலற வேண்டிய ஜந்து, நான் பார்ப்பதற்குள் செத்துக் கிடந்தது. அவன் கொட்டாவி விட்டான்.

அடுத்த அறையில் ஓர் ஆசிட் குட்டை.

"ஓரமா போடா. மாமா பையன் இங்கதான் உயுந்துக்கினே இருந்தான்."

நான் நேராக நடந்தேன். அவன் பதறிப்போய்ச் சிப்பாயை எதிர்ப்பக்கம் திருப்பினான். நான் பின்பக்கமாகவே நடத்திக்கொண்டுபோய்க் குட்டைக்குள் இறக்கினேன். திரை சிவந்தது. சுடுவதற்கு அங்கே எதுவும் இல்லை, ஆனாலும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான்.

என்னடா பண்ற என்று கத்தினான்.

"மேல ஏத்தி உட, உங்க மாமா பையன கூட்டிக்கினு வா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.